ஆகாயத்தாமரையை எங்கே வைப்பது

புதிதாக வருகிறவர்கள் கரையில் இறங்கியதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஆன்ட்டி, நாங்க என்ன பண்ணணும்?" கையுறையை மாட்டிக்கொண்டே கேட்பார்கள். வேலைக்கு என்ன குறைச்சல்? தண்ணீருக்குப் பயமில்லாதவர் ஆற்றில் இறங்கி ஆகாயத்தாமரை இழுக்கலாம். இடுப்பு வலி உள்ளவர் கரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரிக்கலாம். அடையாறு முகத்துவாரத்துக்குப் போய்க் காலை நேரத்தில் பறவை எண்ணலாம். எண்ணத் தெரியாதவர் எண்ணுகிறவருக்குப் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளலாம். கண்டல் செடி நடுகிற மாதத்தில் சேற்றில் முழங்கால் புதைய நிற்க ஆள் வேண்டும். பேச வாய் உள்ளவர் வீடு வீடாகப் போய், குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்று சொல்லலாம். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள். மறு வாரமும் அதே கதவைத் தட்ட வேண்டும்.

வேலை இல்லை என்று சொல்லி நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் எந்த வேலைக்கு வந்தாலும் தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் என் பேச்சைக் கேட்க வேண்டும். அது என் நிபந்தனை. இந்தக் குழுவை நடத்துகிற டீச்சரம்மாவும் ஒப்புக்கொண்டுவிட்டார். அவசரம் உள்ளவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மெதுவாகத்தான் சொல்வேன்.

நான் சைதாப்பேட்டை ஆற்றங்கரையிலேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். மார்க்கெட்டில் இருபத்தைந்து வருஷம் மீன் விற்றேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கையெழுத்துப் போடுவேன், பஸ் நம்பர் தெரியும், அவ்வளவுதான் படிப்பு. ஆனால் ஆற்றின் நிறத்தைப் பார்த்து, மேலே மழை பெய்ததா, யாராவது சாக்கடையைத் திறந்துவிட்டார்களா என்று சொல்லிவிடுவேன். படித்தவர்கள் எத்தனையோ பேர் குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்து, நான் சொன்னதையே பத்து நாள் கழித்து வந்து சொல்லியிருக்கிறார்கள்.

குழு முதன்முதலில் எங்கள் கரைக்கு வந்தபோது அவர்களைக் கிண்டல் செய்தவளும் நான்தான். ஏழெட்டுப் பேர், கருப்புப் பையும் தொப்பியுமாக வந்து நின்றார்கள்.

"இன்னாம்மா, கல்யாணத்துக்கு வந்தா மாரி நின்னுகினு கீறீங்க? ஆத்த கழுவ வந்தீங்களா, ஆத்தோட போட்டோ புடிக்க வந்தீங்களா?" என்றேன்.

குழுவை நடத்துகிறவர் மயிலாப்பூர்க்காரர், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபித்துக்கொள்ளவில்லை. "ரெண்டுக்கும்தான் வந்திருக்கோம். எந்தப் பக்கம் எறங்கினா கால் பொதையாதுன்னு சொல்லுங்கோளேன்," என்றார்.

கேட்கத் தெரிந்தவர். அதனால் நானே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிக் காட்டினேன். அன்றைக்கு இறங்கியவள்தான்.

குழுவில் இன்னொருவரும் இருந்தார். ஏரி மதகுகளைத் திறந்து மூடுகிற லஸ்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் லஸ்கர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். ஓர் இடத்துக்கு வந்தால் முதலில் வேலையைத் தொட மாட்டார். கரை மேல் ஒரு நடை நடந்து, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்ப்பார். அப்புறம்தான் கூடையை எடுப்பார். நான் கேலி செய்வேன்: "இன்னாண்ணா, பொண்ணு பாத்து முடிச்சிட்டியா?" அவர் சிரிக்க மாட்டார்.

இப்போது ஆகாயத்தாமரையைப் பற்றி. பார்க்க அழகாக இருக்கும், ஊதாப் பூ. ஒரு கொத்தைத் தூக்கிப் பாருங்கள், ஈரத்தில் பிணம் கனக்கிற மாதிரி கனக்கும். எல்லாம் தண்ணீர். அதனால் இழுத்த உடனே லாரியில் ஏற்ற மாட்டோம். கரையில் குவித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுவோம். காய்ந்தால் சருகாகிவிடும், ஒரு லாரியில் எல்லாம் அடங்கிவிடும். ஞாயிறு இழுப்பது, புதன் லாரி வருவது. எங்கேயும் இதுதான் வழக்கம். வழக்கத்தில் தப்பில்லை.

எங்கள் குடியிருப்பின் ஓரமாக ஒரு மழைநீர் வாய்க்கால் ஓடி ஆற்றில் விழுகிறது. மேலே இருக்கிற தெருக்களின் மழைத்தண்ணீர் அத்தனையும் அதில்தான் வரும். அது ஆற்றில் சேர்வதற்குச் சற்று முன்னால் குறுக்கே ஒரு கம்பி வலை கட்டியிருந்தோம். தெருவிலிருந்து வருகிற பிளாஸ்டிக் ஆற்றில் போகாமல் அதில் தங்கும், வாரம் ஒரு தடவை வாரிவிடுவோம். அந்த வலைக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரமாகவே ஒரு சமதளம். லாரி பின்பக்கமாக வந்து நிற்கத் தோதான இடம். அதனால் அங்கேதான் இழுத்த ஆகாயத்தாமரைக் கொடியைக் குவிப்போம். அதிலிருந்து பத்து பதினைந்து அடியில் எங்கள் குடியிருப்பின் கடைசி வரிசை. பன்னிரண்டு வீடு. மற்ற வரிசைகளைவிடப் பள்ளம்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஐப்பசி மாதம், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை. டீச்சரம்மாவுக்குக் காய்ச்சல். சனிக்கிழமையே போன் செய்தார்.

"தனம், நாளைக்கு ஒரு கம்பெனியிலேருந்து எண்பது பேர் வர்றா. நான் வரலே. நீங்கதான் பொறுப்பு. உங்க குரல் ஒண்ணு போறும் அவாளை மேய்க்கறதுக்கு."

எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து வருஷமாகக் குழுவில் இருக்கிறேன், கரைப் பொறுப்பு என்று யாரும் கொடுத்ததில்லை. படித்தவர்கள்தான் பொறுப்பு எடுப்பார்கள், நான் அவர்களுக்குச் சேறு எங்கே என்று காட்டுவேன். இப்போது எண்பது பேர் என் சொல்லைக் கேட்கப் போகிறார்கள். வெளுத்து மடித்து வைத்திருந்த புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஆற்றில் இறங்குகிறவள் எவளாவது வெளுத்த புடவை கட்டுவாளா? நான் கட்டினேன்.

வந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி பச்சை பனியன். அவர்களுடைய ஆபீசர் கையில் பிடித்துப் பேசுகிற மைக் ஒன்றைக் கொடுத்தார். "எனக்கு எதுக்குப்பா இது? மார்க்கெட்ல கத்துனா கிண்டி வரைக்கும் கேக்கும்," என்றேன். கைதட்டினார்கள். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "ஆன்ட்டி செம கெத்துடி," என்றாள். காதில் விழுந்தது. தேன் மாதிரி விழுந்தது.

எண்பது பேர் இழுத்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. வழக்கமாக வருகிறவர்கள் பதினைந்து பேர்தான். ஒன்பதரை மணிக்குள் குவியல் என் உயரத்துக்கு வந்துவிட்டது. பத்து மணிக்கு அதற்கும் மேலே. சமதளம் போதாமல் வாய்க்கால் விளிம்புவரை சரிந்து கிடந்தது. ஆற்றில் பாலத்துக்குக் கீழே மட்டும் ஒரு பட்டை பாக்கி. அதையும் எடுத்துவிட்டால் பாலத்தின் மேலே இருந்து பார்க்கும்போது தண்ணீர் முழுசாகத் தெரியும். அந்த ஆபீசருக்கு அந்தப் படம் வேண்டும். எனக்கும்தான் வேண்டும்.

அப்போதுதான் லஸ்கர் அண்ணன் வந்தார்.

"தனம், போதும். இழுக்கறத நிறுத்து. மேக்கால பாரு."

பார்த்தேன். மேற்கே வானம் கரி பிடித்த சட்டி மாதிரி இருந்தது.

"பாத்தேண்ணா. அது ராத்திரிக்குத்தான் வரும்."

"எண்பது பேரு கீறாங்க. வரிசையா நிக்க வெச்சி குவியல மேல ரோட்டு ஓரத்துக்கு மாத்திடு. ஒரு மணி நேர வேல."

"ரோட்ல போட்டா எதுத்தாப்ல கீற பில்டிங்காரங்க சண்டைக்கு வருவாங்க. அதுவும் இல்லாம, இவங்கோ சட்டை கலையாம வந்தவங்கோ. ஒழுகற கொடிய தோள்ல சொமக்க சொன்னேன்னு வெய்யி, அடுத்த வாரம் ஒருத்தன் வரமாட்டான்."

"வராட்டி போட்டும். இன்னிக்கி மழ வந்துச்சின்னா?"

"அண்ணா, இன்னிக்கி பொறுப்பு யாரு? நீயா, நானா?"

இதைச் சத்தமாகவே கேட்டேன். பச்சை பனியன்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். லஸ்கர் அண்ணன் ஒரு கூடையை எடுத்து, குவியலில் இருந்து வாரிப் போட்டுக்கொண்டு, தனியாக மேட்டில் ஏறத் தொடங்கினார். எழுபது வயதை நெருங்கியவர்.

நான் எண்பது பேரையும் பாலத்தடிக்கு ஓட்டினேன்.

படம் எடுத்தார்கள். என்னை நடுவில் நிற்க வைத்து எடுத்தார்கள். சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். பன்னிரண்டரை மணிக்கு அவர்களுடைய பஸ் கிளம்பியது. நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கொஞ்சம் படுத்தேன். என் வீடு மேட்டு வரிசையில். லஸ்கர் அண்ணன் கரையிலேயே இருந்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் சரியில்லை. போகும்போது அவர் கூடையோடு ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "சாப்டுட்டு செய்ண்ணா," என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டு மணிக்கு மழை. தூறல் கிடையாது, தொடங்கும்போதே கொட்டியது. கண் விழித்தபோது கூரைத் தகரத்தின் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் நின்றுவிடும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. வாசலில் வந்து பார்த்தால் சந்துத் தண்ணீர் கணுக்காலில் ஓடுகிறது, கடைசி வரிசைப் பக்கம். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் எனக்குச் சொல்லத் தெரியும் என்றேனே. அது ஓடிப் போகிற தண்ணீர் இல்லை. போய் முட்டித் திரும்புகிற தண்ணீர்.

ஓடினேன். குவியல் இருந்த இடத்தில் குவியல் இல்லை. மொத்தமும் வாய்க்காலுக்குள் சரிந்து, வலையில் போய்ச் சுவர் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. மேலே தெருக்களில் இருந்து வந்த தண்ணீர் எல்லாம் அதில் மோதிக் கடைசி வரிசைக்குள் போய்க்கொண்டிருந்தது. லஸ்கர் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் கொடியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தினார்.

"தனம், இத்த வுடு! மொதல்ல கடைசி வரிசைல ஆளுங்க வெளிய வந்துட்டாங்களான்னு பாரு!"

நான் திரும்பிப் பார்த்தேன். மேட்டில் பத்து இருபது பேர் பாத்திரம், மூட்டை, குழந்தைகளோடு நின்றிருந்தார்கள். இங்கிருந்தே கத்தினேன்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு, வந்தாச்சு!" என்று யாரோ சொன்னார்கள். ஆண் குரல். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வந்துட்டாங்களாம்ண்ணா," என்றேன்.

"நல்லா தெரியுமா?"

"என் சனம்ண்ணா. எனக்குத் தெரியாதா?"

அவர் நம்பினார். அந்தக் குடியிருப்பில் பிறந்தவள் நான், அவர் வெளி ஆள். என் பேச்சுக்கு மேலே அவர் என்ன பேச முடியும்? இரண்டு பேரும் கொடியைப் பிய்த்தோம். மேட்டில் நின்றவர்களில் ஆண்களைக் கூப்பிட்டேன். ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். நான் கரையில் நின்று, "இழு! இந்தாண்ட இழு! அடியில புடிச்சி இழுரா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்டது என் குரல் ஒன்றுதான்.

அப்போது என் மனசில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். வீடுகளுக்குள் தண்ணீர் போகிறதே என்ற பதைப்பு இருந்தது. அதற்கு மேலே இன்னொன்றும் இருந்தது. இந்தக் கொடி எங்கிருந்து வந்தது என்று யாராவது யோசிப்பதற்குள் இது ஆற்றோடு போய்விட வேண்டும். வீட்டைப் போய்ப் பார்க்காமல் வலையில் கை வைத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. வலையைக் கட்டியிருந்த கம்பியை லஸ்கர் அண்ணன் முறுக்கி அறுத்தார். வலை சாய்ந்தது. குவியல் மொத்தமும் ஒரு சத்தத்தோடு ஆற்றில் போய் விழுந்தது. கடைசி வரிசைத் தண்ணீர் கண் முன்னால் இறங்கியது. மேட்டில் நின்றவர்கள் கைதட்டினார்கள். "தனக்கா இல்லன்னா இன்னிக்கி பன்னண்டு வூடும் காலி!" என்று ஒருவன் சொன்னான். காலையிலும் கைதட்டு, மாலையிலும் கைதட்டு.

அந்த வரிசையில் ஆறாவது வீடு கஸ்தூரியின் வீடு. கஸ்தூரி தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தாள். தீபாவளி சமயத்தில் கடைக்கு ஞாயிறு கிடையாது. அவள் புருஷன் ஏழுமலைக்குச் சர்க்கரையால் ஒரு காலை முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தார்கள். இன்னொன்றும் சரியில்லை. கட்டிலில் இருந்து விழுந்துவிடுகிறார் என்று கஸ்தூரி தரையில் பாய் போட்டுப் படுக்க வைப்பாள். ஆளில்லாத வீடு என்று நாய் நுழைகிறது, அதனால் வெளிப்பக்கம் கொக்கி போட்டுவிட்டுப் போவாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம் நான்தான் கொக்கியை எடுத்து அவருக்குச் சோறு போட்டுவிட்டு வருவேன்.

தண்ணீர் இறங்கியதும் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டைப் பார்க்க ஓடினார்கள். ஆறாவது வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே இருந்தது. கொக்கி மாட்டியபடி இருந்தது. லஸ்கர் அண்ணன்தான் போய்க் கொக்கியை எடுத்தார். உள்ளே பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து எடுத்துக்கொண்டு குனிந்து உள்ளே போனார்.

ஏழுமலை வாசற்படிவரை தவழ்ந்து வந்திருந்தார். கதவை ஒட்டிக் கிடந்தார்.

மற்ற பதினொரு வீட்டுக்காரர்களும் அடுத்த வீட்டுக்காரர் அவரைத் தூக்கியிருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் உங்களுக்குச் சொல்கிறேன். வெள்ளமோ நெருப்போ எதுவானாலும், "எல்லாரும் வந்தாச்சா" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எப்போதும் "வந்தாச்சு" என்றுதான் பதில் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள். ஏழுமலை எங்கே? யார் தூக்கினீர்கள்? கொண்டுவந்து காட்டுங்கள். நான் அன்றைக்கு ஒரே ஒரு பெயரைச் சொல்லிக் கத்தியிருந்தால் போதும். என் குரல்தான் அத்தனை பெரிய குரலாயிற்றே.

கஸ்தூரியைக் கடையில் இருந்து யாரோ போய்க் கூட்டி வந்தார்கள். அவள் அழுததைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். மழை, வெள்ளம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். பத்து நாள் கழித்து மயிலாப்பூரில் டீச்சரம்மா வீட்டில் கூடினோம். காய்ச்சல் விட்டும் அவருக்கு முகம் வெளிறித்தான் இருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். காலையில் அண்ணன் சொன்னதையும், நான் பதில் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன்.

"நடந்தது மகா பாவம்," என்றார் டீச்சரம்மா. "ஆனா இதை வெளியிலே சொல்லிண்டு போனா, நாளைக்கு ஒருத்தரும் நம்மளைக் கரையிலே நிக்க விடமாட்டா. அப்பறம் அந்த நதிக்கு யார் இருக்கா? மழைதானே பெஞ்சுது தனம்? நீங்க வேணும்னா செஞ்சேள்?"

எனக்கு அது வசதியாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன்.

லஸ்கர் அண்ணன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். நான் பின்னாலேயே தெருவுக்குப் போனேன்.

"நீ இன்னாண்ணா சொல்ற?"

"நான் இன்னாத்த சொல்றது? அந்தப் பொம்பளைக்கு யாரு சொல்லப் போறது? நான் போய் சொன்னா அது கோளு. நீ போய் சொல்லணும்."

"சொல்றேண்ணா."

"எப்ப?"

அவர் குழுவுக்கு அதற்குப் பிறகு வரவில்லை. வழியில் பார்த்தால் பேசுவார், சாப்பிட்டாயா என்பார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தத் தை மாதம் எங்கள் குடியிருப்பில் ஒரு விழா வைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், வெள்ளத்தில் வாய்க்காலைத் திறந்துவிட்டதற்காக. கஸ்தூரியும் கூட்டத்தில் நின்றிருந்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

மறு வருஷம் கடைசி வரிசையைக் காலி செய்து, அவர்களுக்கெல்லாம் ஊருக்கு வெளியே அடுக்கு வீடு கொடுத்தார்கள். கஸ்தூரியும் போய்விட்டாள். போகிற அன்றைக்கு லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டே, "அக்கா, நீ இருந்தங்காட்டி அவரு மத்தியான சோறாவது சூடா துன்னாரு," என்றாள். அப்போதும் சொல்லவில்லை. இன்னும் ஒரு வருஷம் போயிற்று.

ஒரு நாள் இரண்டு பஸ் மாறிக் கஸ்தூரியைப் பார்க்கப் போனேன். என்ன தள்ளியது என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. அன்று காலை புதிதாக வந்த ஒருவர் வாய்க்கால் ஓரத்தில் கொடியைப் போட்டார். "அங்க போடாதே!" என்று நான் கத்தினேன். "ஏன் ஆன்ட்டி?" என்றார். எனக்குக் காரணம் சொல்ல வாய் வரவில்லை. காரணத்தைச் சொல்லாமல் எத்தனை பேரைக் கத்தித் தடுப்பது?

ஐந்தாவது மாடி. கஸ்தூரி தரையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது.

"வாக்கா! இன்னா இம்மாந்தூரம்? கருவாடு வாசன படிக்கட்லயே வந்துச்சி, நீயாத்தான் இருப்பேன்னு நெனச்சேன்."

நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை. உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். குவியலை, வானத்தை, அண்ணன் சொன்னதை, நான் கேட்ட "நீயா, நானா"வை, எல்லோரும் வந்தாச்சா என்று கத்தியதை. அவள் பூ கட்டுவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அந்த வலைக்கும் எங்க வூட்டு கதவுக்கும் எவ்ளோ தூரம்க்கா?"

"பத்தடி. பதினஞ்சடி."

"நீ அங்கதான் நின்னுகினு இருந்தியா?"

"ஆமா."

"கத்திகினு?"

"ஆமா கஸ்தூரி. இழு, இழுன்னு கத்திகினு இருந்தேன்."

"அப்ப அவருக்கு கேட்டிருக்கும்." கட்டிய பூவைச் சுருட்டி வைத்தாள். "உன் கொரலு அவருக்கு நல்லா தெரியும். நீதான கொக்கிய தொறந்து சோறு போடுவ? அக்கா வந்துட்டாங்க, இப்ப தொறப்பாங்கன்னு கதவாண்ட வந்து பட்த்துகினு இருந்திருப்பாரு."

நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்ட சொல்லி நான் இன்னா பண்ணட்டும்? மன்னிச்சேன்னு சொன்னா நீ நிம்மதியா பஸ் ஏறிடுவ. அத்த என்னால சொல்ல முடியாது. ஞாயித்துக்கெழம வர்றாங்கல்ல, கைல ஒற மாட்டிகினு, அவங்களாண்ட போய் சொல்லு. பேரு சொல்லி சொல்லு, ஏழுமலைன்னு. உன் பேரையும் சேத்து சொல்லு."

கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்தத் தீபாவளியிலிருந்து என்னிடமே இருந்துவிட்ட கரைப் பொறுப்பை அந்த வாரமே டீச்சரம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லப் போகிறேன் என்றேன். "நான் அன்னிக்கே சொல்ல விட்டிருக்கணும்," என்றார். சிலர் கேட்டுவிட்டு மறு வாரம் வருவதில்லை. வராமல் இருப்பவர்கள் இருக்கட்டும்.

இப்போது வலை கட்டுவதில்லை. கொடி குவிக்கும் இடம் மேலே ரோட்டு ஓரம்; பில்டிங்காரர்களிடம் நானே போய் ஒவ்வொரு வாரமும் கேட்டு வாங்கி வருகிறேன். இடம் கிடைக்காத வாரம் ஒரு கொடியைக்கூட இழுப்பதில்லை, எத்தனை பேர் வந்து நின்றாலும். கரைக்கு வந்ததும் முதலில் ஒரு நடை நடந்து, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, அந்த வழியில் யார் குடியிருக்கிறார்கள், அதில் நடக்க முடியாதவர் யார் என்று பெயரோடு எழுதிக்கொள்வோம். எழுதத் தெரிந்தவர் எழுதுங்கள். நான் பெயர் சொல்கிறேன்.

அன்றைக்கு ஆற்றங்கரையில் இறந்தவர் பெயர் ஏழுமலை. பொறுப்பில் இருந்தவள் தனம், நான்தான்.

கையுறையை மாட்டிக்கொள்ளுங்கள். இறங்கலாம்.